போனில் வந்த சீட்டுக்கு மருந்து கொடுப்பீர்களா?

மெடிக்கல் ஷாப் பில்லை எப்படிப் படிப்பது என்று போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பில்லைப் பற்றியே இல்லை. எல்லாம் போனில் டாக்டரைப் பார்ப்பது, பிடிஎஃப்பாக வரும் மருந்துச் சீட்டு, அதை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுளிக்கும் கடைக்காரர் பற்றித்தான். சரி, இந்த முறை அதையே எடுத்துக்கொள்வோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, இருபத்தாறு வருடமாகக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் மருந்தாளுநர். ஆன்லைன் மருந்துக் கடைகள் என் வியாபாரத்துக்குப் போட்டி. எங்காவது நான் கொஞ்சம் கடுப்போடு பேசுவதாகத் தோன்றினால் அந்தக் கணக்கைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பெங்களூரில் இருக்கும் மகன் ஒரு ஆப் மூலம் டாக்டரை ஏற்பாடு செய்தான். வீடியோவில் நன்றாகவே விசாரித்தார், சீட்டும் போனுக்கு வந்தது. எங்கள் ஊர் மெடிக்கலில் "இதெல்லாம் செல்லாது, பேப்பர் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மையில் செல்லுமா, செல்லாதா? – வாசகர், பட்டுக்கோட்டை

செல்லும். 2020 மார்ச் 25ஆம் தேதி, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளோடு அதைப் பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டார்கள். அதுவரை போனில் மருந்து சொல்லும் டாக்டர்களுக்கே உள்ளூர ஒரு பயம் இருந்தது, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று. இப்போது கையெழுத்திட்ட சீட்டைப் போட்டோ எடுத்தோ, ஸ்கேன் செய்தோ, மின்னணுச் சீட்டாகவோ நோயாளிக்கு அனுப்பலாம். மெயிலில் அனுப்பினாலும் சரி, வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி.

ஆனால் சீட்டு என்றால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் அதே நெறிமுறைகள் மாதிரிப் படிவம் போட்டுச் சொல்கின்றன. டாக்டரின் பெயர், படிப்பு, பதிவு எண், முகவரி. பார்த்த தேதி. உங்கள் பெயர், வயது, முகவரி. என்ன தொந்தரவு, டாக்டர் என்ன நோய் என்று நினைக்கிறார். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை நாள். கடைசியில் கையெழுத்து. இதில் நான் முதலில் தேடுவது பதிவு எண்ணைத்தான். அது இல்லாத சீட்டு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், மேலே எவ்வளவு பெரிய லோகோ இருந்தாலும், எனக்கு அது வெறும் விளம்பர நோட்டீஸ். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் தளத்திலும் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலும் அந்த எண்ணைப் போட்டு யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நீங்களும்தான்.

அந்தக் கடைக்காரர் ஏன் மறுத்தார் என்றும் யோசித்துப் பார்த்தேன். எங்களிடம் வரும் "போன் சீட்டு"களில் பலவும் முழு சீட்டாகவே வருவதில்லை. போன வாரம் ஒரு பெண் விரிசல் விட்ட போனை நீட்டினார். ஸ்கிரீன்ஷாட். மருந்துப் பெயர்கள் மட்டும் இருக்கும்படி மேலேயும் கீழேயும் வெட்டி அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். டாக்டர் பெயர் இல்லை, தேதி இல்லை, யாருக்கு என்றும் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் பாதி '5' பாதி '6' மாதிரி ஒரு எண். அது 50 மில்லிகிராமா, 60 மில்லிகிராமா? முழு பிடிஎஃப்பையும் அனுப்பச் சொல்லுங்கள் என்றதும் அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆகவே உங்கள் மகனிடம் அசல் கோப்பை அனுப்பச் சொல்லி அதையே காட்டுங்கள். முடிந்தால் ஒரு பிரின்ட். அப்போதும் மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

இந்த ஆப்களில் பட்டனை அழுத்தியதிலிருந்து சீட்டு வரும் வரை உள்ளே என்னதான் நடக்கிறது? – வாசகி, நாமக்கல்

அரசு நடத்தும் இ-சஞ்சீவனியை எடுத்துக்கொள்வோம், அதில் ஒளிவுமறைவு குறைவு. மொஹாலியில் உள்ள, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி அமைப்பான சி-டாக் உருவாக்கியது. வீட்டிலிருந்தபடியே டாக்டரைப் பார்க்கும் வசதி 2020 ஏப்ரலில் வந்தது. தொடக்க காலத்தில் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மொபைல் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும், பெயர், வயது எல்லாம் போட்டு, பழைய ரிப்போர்ட் இருந்தால் ஏற்றி, டோக்கன் வாங்க வேண்டும். அப்புறம் வரிசை. நம் முறை வந்ததும் வீடியோவில் டாக்டர் வருவார், பேசுவார், அவர் முடித்ததும் மின்னணுச் சீட்டு நம் பக்கம் வந்துவிடும். கட்டணம் கிடையாது.

தனியார் ஆப்களிலும் எலும்புக்கூடு இதேதான், மேலே சதை வேறு. முதலில் சாட்டில் யாரோ, அல்லது ஏதோ, உங்களிடம் அறிகுறிகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும். டாக்டருக்கு அந்தக் குறிப்பு திரையில் தெரியும். அவர் பேசிக்கொண்டே ஒரு பெட்டியில் மருந்துப் பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டுவார், கீழே பட்டியல் விழும், அதில் ஒன்றைத் தொடுவார். வேளை, நாள், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் ஏற்கெனவே நிரப்பி வைத்த கட்டங்களாக வரும், மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுவார். கிறுக்கல் கையெழுத்துப் பிரச்சினை போயிற்று. ஆனால் விரல் ஒரு வரி கீழே பட்டால் வேறு மருந்து வந்துவிடும் என்ற புதுப் பிரச்சினை முளைத்திருக்கிறது.

ஆப்பில் இருக்கும் டாக்டர் பதிவு பெற்றவர்தானா என்று உறுதிசெய்துகொள்வது ஆப் நடத்துபவரின் பொறுப்பு. டாக்டரும் பேச்சைத் தொடங்கும்போது தான் யார் என்று சொல்ல வேண்டும், நீங்கள் யார் என்றும் கேட்க வேண்டும். நீங்களாகக் கூப்பிட்டால் உங்கள் சம்மதம் அதிலேயே அடங்கிவிடுகிறது. டாக்டர் தரப்பிலிருந்தோ, சுகாதாரப் பணியாளர் மூலமாகவோ பேச்சு தொடங்கினால் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும்.

சீட்டில் தெளிவாக அச்சடித்து வந்திருக்கும்போது கடைக்காரர் எதற்கு "யாருக்கு, எத்தனை நாளா, வேற என்ன மாத்திரை" என்று குடைகிறார்? – வாசகர், விருதுநகர்

உங்களுக்கு நான் ஒரு சம்பவம் சொல்கிறேன். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், பேரனோடு வந்தார். சரவாங்கி என்று ஊரில் சொல்வார்களே, அந்த முடக்குவாதம். விரல் கணுக்கள் எல்லாம் வீங்கி, போனைக்கூடப் பேரன்தான் பிடித்துக்கொண்டிருந்தான். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லை, ஒரு ஆப்பில் வேறொரு டாக்டரிடம் வீடியோவில் பேசி பழைய மருந்தையே தொடரச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். சீட்டு அழகாக இருந்தது. பதிவு எண், கையெழுத்து, தேதி எல்லாம் சுத்தம். மூன்றாவது வரியில் மெத்தோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம், காலை 1, மதியம் 0, இரவு 0, முப்பது நாள்.

இந்த மாத்திரையைச் சரவாங்கிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் போடுவார்கள். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், வாயெல்லாம் புண்ணாகும், உயிரே போகலாம். உலகம் முழுக்க இந்த மருந்தில் நடக்கும் பழைய தவறுதான் இது. "வாரம் ஒரு முறை" என்பது "தினம்" ஆகிவிடுவது. கட்டத்தில் "தினம்" என்று முன்பே நிரம்பியிருந்ததை டாக்டர் மாற்ற மறந்திருக்க வேண்டும். "பாட்டி, இதை எப்பப்போ போடுறீங்க?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும்தாம்ப்பா" என்றார். நல்லவேளை, அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மருந்தை அட்டையிலிருந்து எடுத்துக் கொடுப்பது மருமகளாம், அவர் சீட்டைப் பார்த்துத்தான் கொடுப்பாராம்.

சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டால் அது ஆப்பின் உதவி மையத்துக்குப் போயிற்று. எண்ணை அழுத்து, காத்திரு, பாட்டு கேள். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு டாக்டரே லைனில் வந்தார். சொன்னதும் ஒரு நொடி பேச்சே இல்லை. பிறகு "உடனே மாத்தி அனுப்புறேன் சார், ரொம்ப நன்றி" என்றார், பத்து நிமிடத்தில் திருத்திய சீட்டு வந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், எதிரே அடுத்த ஆள் டோக்கனோடு காத்திருப்பார். ஆகவே கடைக்காரர் குடைந்தால் பதில் சொல்லுங்கள் சார். குடையாமல் பையில் போட்டுக் கொடுக்கிறவரிடம்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

வருடக்கணக்காக அல்பிரசோலம் போட்டுத்தான் தூங்குகிறேன். ஆப்பில் மூன்று டாக்டர்களிடம் பணம் கட்டிக் கேட்டும் எழுதித் தர மறுக்கிறார்கள். நேரில் போனால் எழுதுவதை போனில் ஏன் எழுதக்கூடாது? – பெயர் வேண்டாம், சென்னை

ஏனென்றால் போனில் எதை எழுதலாம் என்பதற்கு ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். டாக்டர் எப்படிப் பேசினார், இது முதல் தடவையா மறுதடவையா என்பதைப் பொறுத்து மருந்துகளைப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகைக்கு 'ஓ' பட்டியல் என்று பெயர். பாராசிட்டமால், ஓஆர்எஸ், இருமல் மிட்டாய் மாதிரி சங்கதிகள். இவற்றை வீடியோவோ, வெறும் குரலோ, எழுத்தில் சாட்டோ, எப்படிப் பேசினாலும் எழுதலாம். 'ஏ' பட்டியலில் ஓரளவு ஆபத்தில்லாத மருந்துகள், உதாரணமாகப் படைக்குப் போடும் குளோட்ரிமசோல் களிம்பு. முதல் தடவை என்றால் வீடியோவில் முகம் பார்த்த பிறகுதான் இவற்றை எழுதலாம். ஏற்கெனவே சாப்பிடும் மருந்தைத் தொடர்வதும் இதில்தான் வரும். 'பி' பட்டியல் என்பது நேரில் ஒரு முறை பார்த்த நோய்க்கு, பிறகு போனில் பேசும்போது கூடுதலாகச் சேர்க்கும் மருந்து. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் போதவில்லை, இன்னொன்று சேர்ப்போம் என்பது மாதிரி. இந்த "மறுதடவை" என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அதே நோய்க்கு ஆறு மாதத்துக்குள் என்றால்தான் மறுதடவை, தாண்டிவிட்டால் திரும்ப முதல் தடவை.

கடைசியாகத் தடைப் பட்டியல். மருந்துச் சட்டத்தின் 'எக்ஸ்' அட்டவணையில் இருப்பவை, 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை. உங்கள் அல்பிரசோலம், தூக்கத்துக்குப் போடும் சோல்பிடெம், வலிக்குப் போடும் டிரமடால் எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் வருபவை. அந்த மூன்று டாக்டர்களும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். எழுதித் தந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

உங்களுக்குத் தனியாக ஒன்று. சீட்டு கிடைக்கவில்லை என்று இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், வருடக்கணக்காகப் போட்டவர்களுக்கு அது ஆபத்து, வலிப்புகூட வரலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் நேரில் போய்ப் பாருங்கள், படிப்படியாகக் குறைக்க அவர்களுக்கு வழி தெரியும். அதற்கு முன்னால் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

எடை குறைக்கும் ஊசிக்கு ஒரு தளத்தில் பதினைந்து கேள்விகளுக்குப் பதில் போட்டேன். எந்த டாக்டரும் பேசவில்லை, முகம் பார்க்கவில்லை. மறுநாள் சீட்டு வந்துவிட்டது! வாங்கலாமா? – வாசகி, கோவை

வாங்காதீர்கள். முன் பதிலைப் படித்தீர்கள் அல்லவா, வெறும் எழுத்தில் முதல் தடவை பேசினால் 'ஓ' பட்டியல்தான். எடை குறைக்கும் ஊசி அதில் இல்லவே இல்லை. உங்களுக்குக் கணையத்தில் எப்போதாவது பிரச்சினை வந்ததா, குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறீர்களா என்று ஒருவர் கேட்டு, உங்கள் பதிலில் ஒரு தயக்கம் தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் கேட்க வேண்டிய மருந்து அது. படிவத்தில் "இல்லை" என்ற பொத்தானை எல்லாரும் அழுத்துவார்கள், ஊசி வேண்டுமே.

இது நம் ஊரில் மட்டும் நடக்கும் கூத்தும் இல்லை. சிங்கப்பூரில் ஒரு தொலைமருத்துவ கிளினிக்கில் 2024 ஆகஸ்ட் மாதம் மட்டும் ஒரு நிமிடமோ அதற்கும் குறைவாகவோ நடந்த ஆலோசனைகள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் கண்டுபிடித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உரிமத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ஒரு நிமிடத்தில் நான் பில்லே போட்டு முடிக்க மாட்டேன்.

குழந்தைக்குச் சளி. வீடியோ டாக்டர் ஆன்டிபயாடிக் எழுத மாட்டேன் என்கிறார். போன தடவை எழுதிய செஃபிக்சிம் பாதி பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, கொடுக்கலாமா? – வாசகி, திருப்பூர்

கொட்டிவிடுங்கள். கலக்கி வைத்த சிரப்புக்கு ஆயுள் சில நாள்தான், லேபிளிலேயே போட்டிருக்கும். சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. செஃபிக்சிம் 'எச்1' அட்டவணை மருந்து. 2014 மார்ச்சிலிருந்து இந்த வகையை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் நாங்கள் வைத்திருக்க வேண்டும். அந்த டாக்டர் மறுத்ததற்காக அவருக்கு ஆப்பில் ஐந்து நட்சத்திரம் போடுங்கள், யாரும் போட மாட்டார்கள். இன்னொன்று, நோயாளி மைனர் என்றால் பெரியவர் ஒருவர் உடன் இருந்தால்தான் டாக்டர் பேச வேண்டும். பிள்ளையைத் தனியாக போன் முன்னால் உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்.

பேசி முடித்த உடனே ஆப்பே மருந்துகளைக் கூடையில் போட்டு "பணம் கட்டுங்கள்" என்கிறது. அங்கேயேதான் வாங்க வேண்டுமா? – வாசகர், வேலூர்

வேண்டியதில்லை. சீட்டை நேரடியாக ஒரு மருந்துக் கடைக்கு அனுப்ப வேண்டும் என்றால் உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும், எந்தக் கடையில் வாங்குவது என்பது உங்கள் விருப்பம். நெறிமுறைகளிலேயே இருக்கிறது. சீட்டைப் பதிவிறக்கம் செய்துவிட்டுக் கூடையை மூடிவிடுங்கள். சில ஆப்களில் அந்தப் பதிவிறக்கப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நோயே குணமாகிவிடும். இருந்தாலும் எங்காவது ஒளிந்திருக்கும்.

சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்கிறதா, கம்பெனிப் பெயர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். மூலப்பெயர் இருந்தால் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் ஆயிரம் கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ போய்க் கேட்கலாம். பிபி, சர்க்கரை மாத்திரைகளுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். இதைச் சொன்னால் எனக்குத்தான் நஷ்டம், பரவாயில்லை.

ஒரே பிடிஎஃப்பைக் காட்டி மாதா மாதம் வாங்கலாமா? – வாசகர், காரைக்குடி

எத்தனை தடவை கொடுக்கலாம் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தால் அத்தனை தடவை. எழுதவில்லை என்றால் ஒரே தடவைதான், மருந்து விதிகளில் 65ஆம் விதி. கொடுத்த பிறகு எந்தக் கடை, எந்தத் தேதி என்று சீட்டிலேயே குறிக்கவும் சொல்கிறது அதே விதி. 1945இல் எழுதியது. பேப்பர் சீட்டு என்றால் முத்திரை குத்தலாம். போனில் எங்கே குத்துவது, கண்ணாடி மேலா? நான் பிரின்ட் எடுத்து அதில் குத்தித் தருகிறேன். பலர் எதுவும் செய்வதில்லை, அதனால் ஒரே பிடிஎஃப் நான்கு கடை ஏறி இறங்குகிறது. மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து தர அனுமதித்து 2020 மார்ச் 26இல் வந்த அறிவிக்கையில் ஒரு காலக்கெடுவும் இருந்தது. சாதாரண நோய் என்றால் சீட்டு எழுதிய ஏழு நாளுக்குள், நாள்பட்ட நோய் என்றால் முப்பது நாளுக்குள் கடைக்கு வந்துவிட வேண்டும். நியாயமான கணக்கு அது.

பிபி, சர்க்கரைக்காக மட்டும் என்றால் இந்த அலைச்சலே வேண்டாம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைக் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. பிபி பார்க்கிறவர் வீட்டுக்கே வருவார், மாத்திரையும் வரும்.

ஆன்லைனில் மருந்து விற்பதையே சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்துவிட்டதாகச் சொல்கிறார்களே? – வாசகர், திருச்சி

பாதிக் கதை. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு இணைய மருந்தகங்களுக்கான வரைவு விதிகளை வெளியிட்டது. அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விதிகள் இறுதியாகி உரிமம் பெறும் வரை ஆன்லைன் விற்பனை கூடாது என்றார். சில நாளிலேயே அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அதன் பிறகு வருடங்கள் ஓடிவிட்டன, வரைவு வரைவாகவே கிடக்கிறது. ஆப்கள் எல்லாம் "நாங்கள் கடை இல்லை, உரிமம் உள்ள கடையிலிருந்து எடுத்துத் தருகிறோம்" என்றுதான் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் சங்கத்து ஆட்கள் கூட்டம் போட்டால் இதைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவார்கள். உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான், பார்சலுக்குள் இருக்கும் பில்லில் எந்தக் கடை, அதன் உரிம எண் என்ன, மருந்தின் பேட்ச் எண் என்ன என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

மகள் சிங்கப்பூரில். தமிழ் பேசும் சென்னை டாக்டரையே வீடியோவில் பார்த்து மருந்து வாங்கலாமா? – வாசகி, மயிலாடுதுறை

பேசலாம், மனசு லேசாகும். மருந்து வாங்க முடியாது. நம் நெறிமுறைகள் இந்தியாவுக்குள் நடக்கும் ஆலோசனைக்குத்தான், வெளிநாட்டில் இருப்பவருக்கு அதில் இடமில்லை. அங்கே இருக்கும் மருந்தாளுநருக்கு நம் டாக்டரின் பதிவு எண் வெறும் எண்தான். சிங்கப்பூரில் தமிழ் டாக்டருக்கா பஞ்சம், அங்கேயே ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏஐ சாட்டில் அறிகுறியைச் சொன்னேன், மூன்று மருந்துப் பெயர் கொடுத்தது. அதைக் காட்டினால் தருவீர்களா? – வாசகர், தூத்துக்குடி

தர மாட்டேன். மருந்து எழுதும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு செய்யக்கூடாது, டாக்டருக்கு ஒத்தாசை மட்டும் செய்யலாம் என்று 2020 நெறிமுறைகளே சொல்லிவிட்டன. பதிவு எண் கொடுத்தால் பார்க்கலாம்!

அம்மாவை முதல் தடவையாக வீடியோவில் டாக்டரிடம் காட்டப் போகிறோம். என்ன தயார் செய்வது? – வாசகி, தென்காசி

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் வராமல் போவது, வாய் கோணுவது, தாங்க முடியாத வயிற்று வலி, இதில் எது இருந்தாலும் வீடியோவை விட்டுவிட்டு 108க்குப் போடுங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்க வீடியோவில் கை நீளாது.

மற்றபடி, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு தட்டில் கொட்டி வையுங்கள், நாட்டு மருந்து, லேகியம் உள்பட. "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது. அட்டையைப் பாதியில் வெட்டி வைக்கும் வழக்கம் இருந்தால் பெயர் இருக்கும் பக்கத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ வீக்கமோ வந்திருந்தால் டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். வீட்டில் பிபி மெஷின் இருந்தால் அழைப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் பார்த்து எழுதி வையுங்கள். பணம் கட்டினால் ரசீது கேளுங்கள், காப்பீட்டுக்கு உதவும்.

அப்புறம் போனை யார் பிடிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். என் மாமியார் முதல் தடவை பேசியபோது போனை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு பத்து நிமிடமும் முழங்கால் வலியை விவரித்தார். டாக்டருக்குக் கடைசிவரை தெரிந்தது எங்கள் வீட்டு சீலிங் ஃபேன்தான். "அம்மா, ஃபேன் நல்லா சுத்துது, காலைக் காட்டுங்க" என்றார் அவர்.